ரோ கவுன்ட் டேலி ஆனா மட்டும் போதாது

ஜனவரி 20, 2025, திங்கள்

மருந்துக்கடை செயின் ஒண்ணோட டேட்டா வேர்ஹவுஸை (ரிப்போர்ட்டுக்காக எல்லா டேட்டாவையும் சேத்து வெக்கற இடம்) ஆரக்கிள்ங்கற பழைய டேட்டாபேஸ்ல இருந்து அமேசானோட ரெட்ஷிஃப்ட்டுக்கு மாத்தற வேலை, இன்னிக்கு கிக்ஆஃப். ஏடபிள்யூஎஸ் (அமேசானோட கிளவுட்) மும்பை ரீஜியன். மீட்டிங்ல எல்லாரும் கேட்டது, 12 டிபி (டெராபைட்) டேட்டாவை ஏத்த எத்தனை நாள் ஆகும்னுதான். 1 ஜிபிபிஎஸ் லைனை முழுசா குடுத்தா 27 மணி நேரம் கிட்ட, பகல்ல கடைங்களோட சின்க்கும் அதே லைன்லதான் ஓடுது, ராத்திரில மட்டும் ஏத்தினாலும் ஒரு வாரத்துல முடிஞ்சிடும். என் கவலை ப்ரொசீஜருங்க, அதாவது டேட்டாபேஸுக்குள்ளயே எழுதி வெச்சிருக்கற புரோகிராமுங்கதான். வருஷக்கணக்கா ஒட்டி ஒட்டி எழுதினது, எந்த கண்டிஷன் எதுக்குன்னு தெரிஞ்சவரு டேட்டாபேஸை பாத்துக்கற டிபிஏ சார் ஒருத்தர்தான். அவரை பழைய சிஸ்டத்தை மட்டும் பாத்துக்க சொல்லி ஓரமா விடற பிளான் இருந்துச்சு, நான் ஒத்துக்கல. ஒவ்வொரு டேபிளும் அவர் பாத்து ஓகே சொன்னப்புறம்தான் முடிஞ்ச கணக்கு.

பிப்ரவரி 6, வியாழன்

கஸ்டமர் மாஸ்டர் (கஸ்டமர் விவரம் இருக்கற டேபிள்) லோடு ஃபெயில். தமிழ்ல பேர் இருக்கற ரோ (டேபிள்ல ஒரு வரி) பூரா எர்ரர். ஆரக்கிள்ல அந்த காலமை கேரக்டர் கணக்குல வெச்சிருந்தாங்க, ரெட்ஷிஃப்ட்ல வார்சார்னா (எழுத்து வெக்கற காலம் வகை) பைட் கணக்கு. யூடிஎஃப்-8ல (எழுத்தை பைட்டா சேமிக்கற முறை) தமிழ் கேரக்டர் ஒவ்வொண்ணுக்கும் 3 பைட், புள்ளி, கொம்பு எல்லாம் தனி கேரக்டர், "ஸ்ரீ" மட்டுமே 12 பைட் ஆயிடும். ட்ரங்கேட் ஆப்ஷன் போட்டா ஓடிடும்னு ஒருத்தன் சொன்னான். ஓடும், பேர் பாதில வெட்டுப்பட்டு ஓடும். வேணாம்னுட்டு நீளத்தை கூட்ட சொல்லிட்டேன்.

பிப்ரவரி 25, செவ்வாய்

டீம்லயே ஜூனியர் பொண்ணு வந்து, "அக்கா, ரோ கவுன்ட் டேலி ஆகுது, மொத்த தொகையும் ஆகுது, தினசரி விற்பனை மட்டும் இடிக்குது"ன்னா. அதை விட்டுடாம கடை வாரியா பிரிச்சு பாத்திருக்கா, வித்தியாசம் வந்ததெல்லாம் 24 மணி நேர கடைங்க மட்டும். அப்பவே புரிஞ்சிடுச்சு. பில் நேரம் யூடிசிக்கு (உலகப் பொது நேரம்) மாறி ஏறியிருக்கு, ரிப்போர்ட் அதுல இருந்து நேரா தேதியை எடுக்குது, நம்ம நேரம் அஞ்சரை மணி நேரம் முன்னாடி இருக்கறதால நள்ளிரவுல இருந்து காலைல 5.30 வரைக்கும் வித்ததெல்லாம் முந்தின நாள் கணக்குல விழுது. சாதாரண நாள்ல இது ஒரு நாள் தள்ளிப்போறது அவ்ளோதான், ஏப்ரல் 1ஆம் தேதி விடிகாலைல போட்ட பில் மார்ச் 31க்கு போனா நிதியாண்டே மாறிடும். விற்பனை தேதின்னு இந்திய நேரத்துல தனி காலமே வெச்சு, ரிப்போர்ட் எல்லாம் அதைத்தான் எடுக்கணும்னு முடிவு பண்ணோம். டீம் மீட்டிங்ல அவளையே விளக்க சொன்னேன், அவ கண்டுபிடிச்சது அது.

மார்ச் 12, புதன்

பேட்ச் நம்பர், அதாவது மருந்து எந்த தயாரிப்பு தொகுதில வந்ததுன்னு சொல்ற நம்பர். டேட்டா ஏத்தற டூல் தானா சாம்பிளை பாத்து இன்டிஜர்னு (முழு எண்) முடிவு கட்டியிருக்கு, 00457 இப்போ 457. டிபிஏ சார் கண்ணுலதான் பட்டுச்சு. கவுன்ட் பாத்தாலும் தொகை பாத்தாலும் இது மாட்டாது. ஒரு மருந்தோட பேட்ச்சை திரும்ப வாங்கணும்னு உத்தரவு வந்தா, யார் யாருக்கு வித்தோம்னு இதை வெச்சுத்தான் தேடணும், அந்த நேரத்துல லிஸ்ட் காலியா வந்தா மாத்திரை யாரோட வீட்லயோ இருக்கும். நம்பர் மாதிரி தெரியற கோடு காலம் எல்லாத்தையும், பின்கோடு, ஹெச்எஸ்என் (ஜிஎஸ்டிக்கு பொருளை வகைப்படுத்தற கோடு) உட்பட, டெக்ஸ்ட்டா மாத்தி மறுபடி லோடு. ரெண்டு ராத்திரி போகும், போகட்டும்.

மார்ச் 17, திங்கள்

மார்ச் 31க்குள்ள கட்ஓவர் (பழசை விட்டு புதுசுக்கு மாறறது) வேணும்னு மேல இருந்து பிரஷர். முடியாதுன்னு சொல்லிட்டேன். வருஷக் கணக்கு முடிக்கற வாரத்துல நம்பர் எங்க இருந்து வருதுன்னு அக்கவுன்ட்ஸ்காரங்களுக்கு சந்தேகமே வரக்கூடாது. க்ளோசிங் பழசுலயே நடக்கட்டும், புதுசும் பக்கத்துலயே ஓடட்டும், தினமும் காலைல ரெண்டையும் கடை வாரியா ஒப்பிட்டு பாப்போம். கொஞ்சம் சூடாத்தான் பேசினாங்க, கடைசில ஏப்ரல் 26க்கு ஒத்துக்கிட்டாங்க.

ஏப்ரல் 26, சனி

மாத்தியாச்சு. டிபிஏ சார் அவர் இஷ்டத்துக்கு பேட்ச் நம்பருங்களை எடுத்து ரெண்டு பக்கமும் தேடி பாத்தாரு, லிஸ்ட் ஒண்ணாவே வந்துச்சு. மதியத்துக்குள்ளயே ஆரக்கிளை எப்போ நிறுத்தலாம்னு கேள்வி வந்துடுச்சு. இப்போதைக்கு ரீட்-ஒன்லிதான், பாக்கலாம், மாத்த முடியாது. ஜிஎஸ்டி கணக்கை வருடாந்திர ரிட்டர்னோட கடைசி தேதில இருந்து 72 மாசம் வெச்சிருக்கணும், பழைய வருஷ டேட்டாவோட ஒப்பீடு இன்னும் பாக்கி, திங்கக்கிழமை அதைத்தான் எடுக்கறோம்.