ஸ்பெயினில் வீடு வாங்க ஒரு வங்கிக் கணக்கு: எங்களைப் படுத்திய பாடு

வலென்சியாவில் மகள் வேலை பார்க்கும் இடத்துக்குப் பக்கத்தில் நானும் கணவரும் சேர்ந்து ஒரு சின்ன ஃபிளாட் வாங்கியிருக்கிறோம். வீடு தேடியது, விலை பேசியது, நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டது எல்லாம் நல்லபடியாகவே நடந்தன. எங்களைப் படாதபாடு படுத்தியது அங்கே ஒரு வங்கிக் கணக்குத் திறந்து, அதில் எங்கள் பணத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்ததுதான். அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை. இந்தியாவிலிருந்து அங்கே வீடு வாங்க நினைப்பவர்களுக்கு, அதிலும் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் என்று ஒன்று இல்லாதவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

அங்கே வீடு வாங்க அந்த நாட்டு வங்கிக் கணக்கு சட்டப்படி கட்டாயம் இல்லை. வக்கீலின் கணக்கு வழியாகவே பணத்தைக் கொடுத்து முடித்தவர்களும் உண்டு. ஆனால் பதிவு நாளில் விற்பவர் பெரும்பாலும் எதிர்பார்ப்பது வங்கிக் காசோலை. நம் டிமாண்ட் டிராஃப்ட் மாதிரி, வங்கியே பொறுப்பேற்று எழுதித் தருவது. பணம் எந்த வழியில் கைமாறியது என்பதையும் நோட்டரி பத்திரத்தில் பதிந்தாக வேண்டும். வீட்டை வாங்கிய பிறகும் மின்சாரம், தண்ணீர், குடியிருப்போர் சங்கப் பணம், ஆண்டு சொத்துவரி எல்லாமே கணக்கிலிருந்து தானாகப் போவதுதான் அங்கே பழக்கம். அதனால் கணக்கு இல்லாமல் வேலைக்கு ஆகாது.

வெளிநாட்டவருக்கு ஸ்பெயின் தரும் அடையாள எண்ணான என்ஐஇ-யை இங்கிருந்தபடியே ஸ்பெயின் தூதரகம் வழியாக வாங்கிவிட்டோம். அதில் தொல்லை எதுவும் இல்லை. அந்த எண்ணையும் பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு, மகளோடு நாங்கள் முதலில் போன கிளையில் உட்காரக்கூடச் சொல்லவில்லை. "ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர்களுக்கு இந்தக் கிளையில் கணக்குத் திறப்பதில்லை" என்று சொல்லிவிட்டு அங்கே இருந்த அம்மா அடுத்தவரை அழைத்துவிட்டார். அதே வங்கியின் வேறொரு கிளையில் திறப்பார்களாம். எந்தக் கிளை என்று கேட்டதற்குப் பதில் இல்லை. சண்டை போட நமக்கு அங்கே சட்டமும் துணையில்லை. ஒன்றியத்துக்குள் சட்டப்படி வசிப்பவர்களுக்கு அடிப்படைக் கணக்குக் கேட்டுப் பெறும் உரிமையை 2014-ஆம் ஆண்டு உத்தரவு ஒன்று தருகிறது. நாம் அங்கே வசிப்பவர்கள் இல்லையே. வீடு வாங்கினால் குடியிருப்பு அனுமதி கிடைக்கும் என்ற கோல்டன் விசாவும் 2025 ஏப்ரல் 3-ஆம் தேதியோடு நின்றுவிட்டது.

இதிலிருந்து ஒரு யோசனை: கிளைக்கு நேரில் போய்க் கேட்காதீர்கள். வெளிநாட்டில் வசிப்பவர்களுக்குக் கணக்குத் திறந்து பழகிய கிளை எது என்று உங்கள் வக்கீலிடம் கேளுங்கள், அவரையே நேரம் வாங்கித் தரச் சொல்லுங்கள். கடற்கரை ஊர்களில் வெளிநாட்டவர் நிறைய வீடு வாங்குவதால் அங்கே இது அன்றாட வேலை. இன்னொன்று, வங்கிகள் மதியம் இரண்டு மணி வாக்கில் மூடிவிடும். காலையில் காவல் நிலையத்தில் ஒரு சான்று, மதியம் வங்கி என்று திட்டம் போட்டால் அந்த நாள் வீண்தான்.

காவல் நிலையம் ஏன் என்றால், 'இவர் ஸ்பெயினில் வசிப்பவர் அல்ல' என்று தேசியக் காவல்துறை தரும் சான்று ஒன்று வங்கிக்கு வேண்டும். சில வங்கிகள் கட்டணம் வாங்கிக்கொண்டு தாங்களே அதற்கு விண்ணப்பித்துவிடும். கேட்டால்தான் சொல்வார்கள், கேளுங்கள். என்ஐஇ எண் காலாவதி ஆகாது. இந்தச் சான்று பழசானால் செல்லாது. அதனால் மற்ற காகிதங்கள் எல்லாம் கைக்கு வந்த பிறகு இதை வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

இரண்டாவது வங்கியில் இருந்த இளைஞர் பொறுமைசாலி, ஆங்கிலமும் பேசினார். கணவருக்கு அப்பா பெயர் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயராக இருப்பதால் அவருடைய விவரங்கள் சட்டென்று ஏறிவிட்டன. என் பாஸ்போர்ட்டில் அந்த இடம் காலி. என் பெயர் மட்டும்தான், அதுவும் ஒற்றைச் சொல். ஸ்பெயின்காரர்களுக்கு அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று என்று இரண்டு குடும்பப்பெயர்கள் இருக்கும். திரையில் முதல் குடும்பப்பெயருக்கான கட்டம் சிவப்பாகவே நின்றது. கோடு போட்டுப் பார்த்தார், புள்ளி வைத்துப் பார்த்தார், ஏற்கவில்லை. தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார். கடைசியில் என் பெயரையே குடும்பப்பெயராகவும் சொந்தப் பெயராகவும் இரண்டு முறை அடித்தார். கணக்குத் திறந்தது. எனக்கு அப்போதே மனசு ஒப்பவில்லை. "பணம் வரும்போது இது பிரச்சினை ஆகாதா?" என்று கேட்டேன். "ஆகாது" என்றார்.

ஆனது. இங்கே என் வங்கிக் கணக்கில் இருப்பது தலைப்பெழுத்தும் பெயரும். பான் அட்டையில் அப்பா பெயர் விரிவாக இருக்கிறது. என் கணக்கிலிருந்து என் கணக்குக்கே நான் அனுப்பிய பணத்தை, வேறு யாரோ அனுப்பிய பணம் என்று அங்கே நிறுத்தி வைத்துவிட்டார்கள். அனுப்பியவர் பெயரும் கணக்கு வைத்திருப்பவர் பெயரும் ஒன்றாக இல்லையாம். கிளையில் கேட்டால் அது சட்ட இணக்கப் பிரிவின், அதாவது பணம் விதிப்படி வருகிறதா என்று பார்க்கும் பிரிவின் முடிவு என்றார்கள். அந்தப் பிரிவிடம் வாடிக்கையாளர் நேரில் பேச வழியில்லை. பதில் எதுவும் வராமலே பணம் ஒரு நாள் திரும்பி வந்துவிட்டது. ரூபாயை யூரோவாக மாற்றி அனுப்பி, அந்த யூரோ மறுபடி ரூபாயாகி வரும்போது இரண்டு பக்கமும் மாற்று விகிதத்தில் அடி. நடுவிலிருக்கும் வங்கி தன் கட்டணத்தையும் எடுத்துக்கொண்டது. அந்த நஷ்டத்தை யாரும் ஈடு செய்யவில்லை.

இதற்குள் இன்னொரு பக்கம் கெடு ஓடிக்கொண்டிருந்தது. அங்கே வீடு பேசி முடித்ததும் அர்ராஸ் என்ற முன்பண ஒப்பந்தம் போடுவார்கள். வழக்கமாக விலையில் 10 சதவீதம். ஸ்பெயின் சிவில் சட்டம் 1454-ஆம் பிரிவின்படி போடும் ஒப்பந்தத்தில், வாங்குபவர் பின்வாங்கினால் முன்பணம் போச்சு, விற்பவர் பின்வாங்கினால் இரட்டிப்பாகத் திருப்பித் தர வேண்டும். தரகர் எங்களிடம் சீக்கிரம் பதிவு வைக்கச் சொல்லி நெருக்கினார். எங்கள் வக்கீல் அசையவில்லை. வெளிநாட்டிலிருந்து பணம் வர வேண்டும் என்பதைக் காரணம் காட்டிக் கெடுவைத் தள்ளி எழுத வைத்ததோடு, வங்கியால் தாமதம் ஆனால் ஒருமுறை நீட்டிக்கலாம் என்றும் ஒரு வரி சேர்த்தார். எங்கள் முன்பணத்தைக் காப்பாற்றியது அந்த ஒரு வரிதான். கணக்கு எண் கைக்கு வராமல் முன்பண ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டே ஆக வேண்டும் என்றால் இந்த வரி இல்லாமல் போடாதீர்கள்.

பெயர்ச் சிக்கலை அவிழ்த்தது ஒரு உறுதிமொழிப் பத்திரம். இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே ஆளைத்தான் குறிக்கின்றன என்று முத்திரைத்தாளில் எழுதி, நோட்டரி கையெழுத்து வாங்கி, மாநில அரசின் சான்றொப்பம் பெற்று, அதன் மேல் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில், அதாவது வெளிநாட்டில் செல்லுபடியாக்கும் முத்திரை வாங்க வேண்டும். அப்புறம் ஸ்பெயின் அரசு அங்கீகரித்த மொழிபெயர்ப்பாளர் அதை ஸ்பானிஷில் பெயர்த்து முத்திரை வைக்க வேண்டும். என்னென்ன பெயர் வடிவங்கள் இருக்கின்றனவோ அத்தனையும் அதில் வரட்டும்: பாஸ்போர்ட்டில் உள்ளது, பானில் உள்ளது, வங்கியில் உள்ளது, ஸ்பெயின் வங்கி தானாக உண்டாக்கியது. ஒன்று விட்டுப்போனாலும் முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வார்கள். அவகாசம் இருப்பவர்கள் என்ஐஇ எண்ணுக்கு விண்ணப்பிக்கும் முன்பே பாஸ்போர்ட்டை மறுவெளியீடு செய்து அப்பா பெயரையோ கணவர் பெயரையோ குடும்பப்பெயர் இடத்தில் ஏற்றிக்கொள்வது எவ்வளவோ மேல். அதன் பிறகு வங்கிக் கணக்கையும் பானையும் அதே மாதிரி மாற்றிவிடுங்கள்.

சரி, பெயர் முடிந்தது, இனி பணம் வந்துவிடும் என்று பார்த்தால், பணம் எங்கிருந்து வந்தது என்று ஆரம்பித்தார்கள். கேட்பது நியாயம்தான். கறுப்புப் பணத்தைத் தடுக்கும் 2010-ஆம் ஆண்டுச் சட்டம் வங்கியைக் கேட்கச் சொல்கிறது. மூன்று ஆண்டு வருமான வரிக் கணக்கு, வங்கி அறிக்கைகள் எல்லாம் தயாராக வைத்திருந்தோம். வீட்டுப் பணத்தில் பெரும்பகுதி ஒரு மனையை விற்று வந்தது. அதன் கிரயப் பத்திரம் தமிழில் இருக்கிறது. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு இங்கே ஒரு மொழிபெயர்ப்பு, ஆங்கிலத்திலிருந்து ஸ்பானிஷுக்கு அங்கே ஒன்று. நம் பத்திரத்தில் நான்கெல்லை விவரம், மூலப்பத்திர வரலாறு என்று பக்கம் பக்கமாகப் போகும். மொழிபெயர்ப்புக் கட்டணமோ சொல்லுக்கு இவ்வளவு என்ற கணக்கு. விற்றவர், வாங்கியவர், தொகை, தேதி வரும் பக்கங்கள் மட்டும் போதுமா என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எங்களுக்குப் போதும் என்று ஒப்புக்கொண்டார்கள், நல்ல தொகை மிச்சமானது.

அதிலும் ஒரு கேள்வி வந்தது. பத்திரத்தில் இருக்கும் தொகையை விட வங்கியில் வரவான தொகை குறைவாக இருக்கிறதே, மீதி எங்கே? உண்மையில் 50 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் விலை போகும் சொத்துக்கு, வாங்குபவர் ஒரு சதவீதத்தை வரியாகப் பிடித்து அரசுக்குக் கட்டிவிட்டு மிச்சத்தைத்தான் நமக்குக் கொடுப்பார். இது அவர்களுக்கு எப்படித் தெரியும்? வரி பிடித்ததற்குச் சான்றாக வாங்கியவர் தந்த படிவம் 16பி-யையும், அந்த வரி நம் பெயரில் ஏறியிருக்கும் இடத்தைக் கோடிட்டு வரித்துறையின் 26ஏஎஸ் அறிக்கையையும் கணவர் அனுப்பினார். மறுநாளே பச்சைக்கொடி. அத்தனை நாள் இழுத்தடித்த பிரிவிலிருந்து "நன்றி, ஆவணங்கள் போதுமானவை" என்று அஞ்சல் வந்ததைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இந்தியப் பக்கம் அனுப்புவது ஒப்பிட்டால் எளிது. தனிநபர்கள் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான ரிசர்வ் வங்கியின் எல்ஆர்எஸ் திட்டத்தில் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். கணவன், மனைவி இருவருக்கும் தனித்தனி வரம்பு, வீட்டுக்காகச் சேர்த்துக்கொள்ளலாம். பணம் அனுப்ப வங்கியில் நிரப்பித் தரும் ஏ2 படிவத்தில், எதற்காக அனுப்புகிறோம் என்று சொல்லும் நோக்கக் குறியீட்டை மட்டும் நீங்களே பாருங்கள். வெளிநாட்டில் கணக்குத் திறக்க அனுப்பும் பணத்துக்கு எஸ்0023, அசையாச் சொத்துக்கு எஸ்0005. எங்கள் கிளையில் யோசிக்காமல் முதலாவதைப் போடப் போனார்கள், சொல்லி மாற்றினோம். காகிதங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போனால் ஸ்பெயின் வங்கிக்குக் கேள்வி குறையும். நாங்கள் அனுப்பியபோது, ஆண்டில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டும் தொகைக்கு 20 சதவீதம் டிசிஎஸ் என்று வங்கியே முன்கூட்டி வரி பிடித்தார்கள். வருமான வரிக் கணக்கில் அது திரும்பிவிடும் என்றாலும், அந்தப் பணம் பதிவு நாளில் கையில் இருக்காது. வீட்டு விலைக்கு மட்டும் பணம் சேர்த்து வைத்திருப்பவர்கள் இதில் திண்டாடிப் போவார்கள். வழியில் இருக்கும் வங்கிகளின் கட்டணத்தையும் அனுப்புபவரே ஏற்கும் முறையைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் காசோலைத் தொகைக்குச் சில யூரோ குறைந்து நிற்கும்.

காசோலை வாங்கும் நாளில் ஒரு வேலை: அதில் விற்பவர் பெயர், என்ஐஇ அல்லது அடையாள எண், தொகை மூன்றையும் வரைவுப் பத்திரத்தோடு வைத்து எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். வங்கியிலேயே நின்று பாருங்கள்.

கணக்குத் திறக்கும்போது வீட்டுக் காப்பீடு, அலாரம், அட்டை என்று கூடவே சிலவற்றைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். எது கட்டாயம், எது விருப்பம் என்று எழுதித் தரச் சொன்னதும் பட்டியல் சுருங்கிவிட்டது.

வாங்கிய பிறகும் கணக்கைக் கவனிக்காமல் விட முடியாது. வசிப்பவர் அல்ல என்ற நிலையை வங்கி அவ்வப்போது மறுபடி உறுதி செய்யச் சொல்லும். அந்த அஞ்சலைத் தவறவிட்டால் கணக்கை முடக்கிவிடுவார்கள், மின்கட்டணம் போய்ச் சேராமல் திரும்பிவிடும். வாடகைக்கு விடாவிட்டாலும் ஆண்டுதோறும் அங்கே வசிக்காதவர்களுக்கான மொதேலோ 210 படிவத்தில் வரி கட்ட வேண்டும், அதையும் இந்தக் கணக்கிலிருந்தே கட்டலாம். இங்கே வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்துகளுக்கான எஃப்ஏ அட்டவணையில் அந்த வங்கிக் கணக்கு, வீடு இரண்டையும் காட்டியாக வேண்டும், வருமானம் ஒரு பைசா இல்லாவிட்டாலும்கூட. காட்டாவிட்டால் 2015-ஆம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதத்துக்கு இடம் இருக்கிறது. அந்த அட்டவணைக்கு ஏப்ரல்–மார்ச் கணக்கு கிடையாது, ஜனவரி முதல் டிசம்பர் வரைதான். அதனால் ஸ்பெயின் வங்கியிலிருந்து டிசம்பர் 31 வரையிலான அறிக்கையை ஜனவரியிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.