எண்கள் மனப்பாடம், கேள்வி வேறு

பிரபஞ்ச அறிவியலும் வளர்ந்துவரும் தொழில்நுட்பமும் சேர்ந்த ஒரு தேர்வுத் தாளை நான் இரண்டு முறை எழுதினேன். முதல் முறை தோற்றேன். அதுவும் விழுந்து விழுந்து படித்துவிட்டுத் தோற்றேன். பிரபஞ்சத்தின் வயது 1380 கோடி ஆண்டுகள், நாம் காணக்கூடிய பகுதியின் குறுக்களவு சுமார் 9300 கோடி ஒளியாண்டுகள், அண்டை காலக்ஸியான (விண்மீன் மண்டலமான) ஆண்ட்ரோமெடா இருப்பது 25 லட்சம் ஒளியாண்டுத் தொலைவில். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். வினாத்தாளைப் புரட்டினால் முதல் கேள்வியே, "பிரபஞ்சத்தின் வயது எவ்வாறு கணக்கிடப்படுகிறது?" என்றிருந்தது. வயது தெரியும், வழி தெரியாது. ஒன்றரைப் பக்கத்துக்குப் பெருவெடிப்பின் பிரமாண்டத்தை வர்ணித்துவிட்டு வந்தேன். அதற்கு என்ன மதிப்பெண் விழுந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் முறைக்கு நான் செய்த பெரிய மாற்றம் ஒன்றுதான். நோட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் நடுவில் கோடு போட்டுப் பிரித்தேன். இடப்பக்கம் தகவல். வலப்பக்கம், "இது எப்படித் தெரிந்தது?" முதல் வாரம் இடப்பக்கம் நிரம்பி வழிந்தது, வலப்பக்கம் வெள்ளையாகக் கிடந்தது. இத்தனை நாள் என்னதான் படித்தோம் என்று வெட்கமாகிவிட்டது.

அந்த முதல் கேள்வியையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வலப்பக்கத்தை நிரப்பவே எனக்கு நான்கு நாட்கள் பிடித்தன. விரலை முகத்துக்கு முன்னால் நீட்டி, ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணை மூடினால் விரல் இடம் மாறுவதுபோலத் தெரியும். இரண்டு கண்களுக்குப் பதிலாகப் பூமி ஆறு மாத இடைவெளியில் நிற்கும் இரண்டு இடங்களை வைத்துக்கொண்டால், அருகிலுள்ள விண்மீன்களின் தொலைவு கிடைத்துவிடும். 1838இல் வானியலாளர் பெசல் இப்படித்தான் 61 சிக்னி என்ற விண்மீனின் தொலைவை அளந்தார். தொலைவு கூடக்கூட இந்த முறை கைகொடுக்காது. அங்கேதான் வானியலாளர் ஹென்ரியட்டா லீவிட் வருகிறார். செஃபீடு வகை விண்மீன்கள் கூடிக் குறைந்து ஒளிர்பவை. அந்தச் சுழற்சிக்கு எத்தனை நாள் ஆகிறது என்று தெரிந்தால் உண்மையான பிரகாசம் தெரியும் என்று 1912இல் அவர் காட்டினார். உண்மைப் பிரகாசத்தையும் கண்ணுக்குத் தெரியும் பிரகாசத்தையும் ஒப்பிட்டால் தொலைவு வந்துவிடுகிறது. அதை வைத்துத்தான் வானியலாளர் ஹபிள் மற்ற காலக்ஸிகளின் தொலைவை அளந்து, தூரத்தில் இருப்பவை அதிக வேகத்தில் விலகுகின்றன என்று 1929இல் வெளியிட்டார்.

இதுவரை வந்துவிட்டால் மீதியைக் கையாலேயே போட்டுப் பார்க்கலாம், கட்டாயம் போட்டுப் பாருங்கள். ஒரு மெகாபார்செக் தொலைவுக்கு விலகும் வேகம் நொடிக்குச் சுமார் 70 கிலோமீட்டர். ஒரு மெகாபார்செக் என்பது 3.09 × 10¹⁹ கிலோமீட்டர். இதே வேகத்தில் அவ்வளவு தூரம் விலக எத்தனை காலம் ஆகியிருக்கும் என்பதுதான் கேள்வி. அதை 70ஆல் வகுத்தால் 4.4 × 10¹⁷ நொடிகள். ஓராண்டுக்கு 3.16 × 10⁷ நொடிகள். மறுபடி வகுத்தால் ஏறத்தாழ 1400 கோடி ஆண்டுகள்! முதன்முதலில் இந்த எண் என் பேனாவிலிருந்து வந்தபோது நாற்காலியை விட்டு எழுந்து நடந்தேன். விரிவின் வேகம் எப்போதும் ஒன்றுபோல் இருந்ததாக வைத்துப் போட்ட கணக்கு இது. உண்மையில் ஈர்ப்பினால் முதலில் மட்டுப்பட்டு, பிறகு இருள் ஆற்றலால் (விரிவை வேகப்படுத்தும், இன்னதென்று இன்னும் தெரியாத ஆற்றல்) முடுக்கம் பெற்றது. இரண்டும் கிட்டத்தட்ட ஈடுகட்டிக்கொள்வதால்தான் விடை இவ்வளவு நெருங்கி வருகிறது. இந்த ஒரு வரியை விடையில் எழுத மறக்காதீர்கள். பெருவெடிப்புக் காலத்தின் மிச்ச ஒளியான பிரபஞ்சப் பின்னணிக் கதிர்வீச்சிலிருந்து கணக்கிட்டால் 70க்குப் பதில் சுமார் 67 வருகிறது, செஃபீடும் சூப்பர்நோவாவும் (வெடிக்கும் விண்மீன்) வைத்து அளந்தால் சுமார் 73 வருகிறது என்ற தீராத வழக்கையும் சேர்த்து எழுதுங்கள். எண்ணை ஒப்பித்தவருக்கும் புரிந்துகொண்டவருக்கும் வித்தியாசம் தெரிவது அங்கேதான்.

தொழில்நுட்பப் பகுதியைத் தனிப்பாடமாக வைத்துப் படிப்பது வீண் உழைப்பு. வலப்பக்கத்தில் எழுதுவதில் பாதி கருவிகளின் கதைதான். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியை ஒரு காலத்தில் பன்னிரண்டு தனித்தனிக் குறிப்புகளாக உருப்போட்டிருந்தேன், எல்லாம் குழம்பும். பிறகுதான் அவை ஒரே சங்கிலி என்று புரிந்தது. மிகப் பழைய காலக்ஸிகளின் ஒளி, விரியும் வெளியோடு சேர்ந்து நீண்டு, அகச்சிவப்பாகி வந்து சேர்கிறது. ஆகவே அகச்சிவப்பைப் பார்க்கும் கண் வேண்டும். சூடான பொருள் தானே அகச்சிவப்பை உமிழும், ஆகவே தொலைநோக்கி குளிர்ந்திருக்க வேண்டும். அதனால் ஐந்தடுக்கு வெயில் திரை. சூரியனும் பூமியும் எப்போதும் ஒரே பக்கம் இருந்தால்தான் திரை பயன்படும், அதனால் பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிறுத்தினார்கள். மங்கலான ஒளியைத் திரட்ட 6.5 மீட்டர் ஆடி தேவை, அவ்வளவு அகலம் ராக்கெட்டுக்குள் போகாது, அதனால் 18 துண்டுகளாக்கி மடித்தார்கள். 2021 டிசம்பர் 25 என்ற ஏவுதல் தேதியை மட்டும் மனப்பாடம் செய்தால் போதும்.

ஈர்ப்பு அலைகளை, அதாவது வெளியிலேயே பரவும் அதிர்வுகளைப் பதிவுசெய்யும் லைகோ கருவிக்கும் இதேதான். 2015 செப்டம்பர் 14 அன்று பதிவான ஈர்ப்பு அலையை ஒரு கூட்டல் கணக்காக நினைவில் வைத்தேன். சூரியனைப்போல் 36 மடங்கும் 29 மடங்கும் நிறையுள்ள இரு கருந்துளைகள் மோதி 62 மடங்குள்ள ஒன்றாயின. 65 வர வேண்டுமே, மீதி 3 எங்கே? அலைகளின் ஆற்றலாகப் போனது அதுதான். ஜிபிஎஸ்ஸையும் விடாதீர்கள். சார்பியல் விளைவால் செயற்கைக்கோள் கடிகாரம் ஒரு நாளைக்கு 38 மைக்ரோநொடி முந்துகிறது. அதை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் பிழை 11 கிலோமீட்டருக்கு மேல்.

செய்தித் துணுக்குகளைச் சேர்ப்பதில் நான் நிறைய நேரத்தை வீணடித்தேன். தலைப்பை மட்டும் வெட்டி ஒட்டினால் பயனில்லை, ஆறு மாதம் கழித்து அந்தச் செய்திக்கு என்ன ஆனது என்றும் பார்க்க வேண்டும். 2011இல் நியூட்ரினோக்கள் என்ற நுண்துகள்கள் ஒளியை 60 நானோநொடி முந்தின என்று பரபரப்பானது. கடைசியில், சரியாகப் பொருந்தாத ஓர் ஒளியிழைக் கேபிள்தான் முக்கியக் காரணம் என்று தெரிந்தது. 2019இல் கூகுளின் 53 க்யூபிட் (குவாண்டம் கணினியின் அடிப்படைத் தகவல் அலகு) கொண்ட சிக்கமோர் என்ற குவாண்டம் கணினி 200 நொடியில் முடித்த வேலைக்குச் சூப்பர்கணினிக்கு 10,000 ஆண்டுகள் ஆகும் என்றார்கள். இரண்டரை நாள் போதும் என்றது ஐபிஎம். குவாண்டம் கணினி பற்றிய கேள்விக்கு இந்த இரு தரப்பையும் எழுதினாலே விடைக்கு எடை கூடிவிடும்.

இரண்டாம் முறை வந்த கேள்வி, கண்ணுக்குத் தெரியாத வேற்றுக் கோளை எப்படிக் கண்டுபிடிப்பது என்பது. விண்மீனின் முன் கோள் கடக்கும்போது ஒளி எவ்வளவு குறையும் என்பதை அங்கேயே கணக்கிட்டேன். சூரியனின் ஆரம் பூமியைப்போல் 109 மடங்கு, அதன் வர்க்கம் ஏறத்தாழ 12,000. ஆக, பூமி மறைப்பது 12,000இல் ஒரு பங்கு, வியாழன் நூற்றில் ஒரு பங்கு. முதலில் பெரிய கோள்களே ஏன் சுலபமாகச் சிக்கின என்பதற்கும் அதுவே விடையானது. கேட்காததையும் சேர்த்து அரைப் பக்கத்தில் முடித்தேன்.

சிலவற்றைத் தொடவே இல்லை. நம்முடையதைத் தவிர வேறு பிரபஞ்சங்களும் இருக்கலாம் என்னும் பல்பிரபஞ்சம் பற்றி முதல் முறை எட்டுப் பக்கக் குறிப்பு வைத்திருந்தேன். இரண்டாம் முறை அதன் வலப்பக்கத்தில் எழுத ஒரு வரிகூடக் கிடைக்காததால் மூடி வைத்துவிட்டேன். அதிலிருந்து கேள்வியும் வரவில்லை.