வலிக்குதா?

ஒரு வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போதுதான் கையில் தட்டுப்பட்டது. இடது மார்பில், அக்குள் பக்கமாக, ஊறவைத்த கொண்டைக்கடலை அளவு. எனக்கு 42 வயது. போனில் சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "வலிக்குதா?" இல்லை என்றேன். "அப்ப ஒண்ணுமில்ல. சூட்டுக் கட்டியா இருக்கும், விளக்கெண்ணெய் தடவு."

மூன்று வாரம் தடவினேன். எங்கள் வீட்டில் எந்த நோய்க்கும் வலிதான் அளவுகோல். மார்பகப் புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது என்பதே எனக்குத் தெரியாது. மாதவிலக்கு முடிந்தும் அது கரையவில்லை என்றானபோதுதான் நாத்தனாரிடம் வாயைத் திறந்தேன்.

முதலில் போனது பக்கத்து ஊர் கிளினிக். டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, "சின்னக் கட்டிதான், நாளைக்கு வந்தா எடுத்துடலாம்" என்றார். ஸ்கேன் கிடையாது, ஒன்றும் கிடையாது. நான் தலையாட்டிவிட்டேன். என் நாத்தனாரோ ஒரு புடவை எடுக்கவே நாலு கடை ஏறி இறங்குபவர். "என்ன கட்டின்னு பாக்காமலேயா அறுப்பீங்க?" என்று கேட்டுவிட்டு என்னை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

அடுத்த வாரம் திருச்சியில் ஒரு பெண் சர்ஜன். கையைத் தூக்கச் சொல்லி, இறக்கச் சொல்லி, இரண்டு பக்கமும் பார்த்தார். அக்குளிலும் காறையெலும்புக்கு மேலும் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவினார். குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று கேட்டபோது அம்மா வழியை மட்டும் சொன்னேன். அப்பா வழியையும் கேட்டார். அந்தப் பக்கமிருந்தும் வரலாமாம்.

மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே எடுக்கும் அறையில் சின்ன அவமானம். குளித்துவிட்டு அக்குளில் பவுடர் போட்டிருந்தேன். படத்தில் அது சுண்ணாம்புப் புள்ளி மாதிரி விழும் என்று கழுவிவிட்டு வரச் சொன்னார்கள். பக்கத்துக்கு இரண்டாக நாலு படம். தகடு அழுத்தும் சில நொடி பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியதுதான். அப்புறம் அல்ட்ராசவுண்ட்.

ரிப்போர்ட்டில் 'பைராட்ஸ் 4ஏ' என்று இருந்தது. நாலு என்றதும் நாலாவது ஸ்டேஜ் என்றே முடிவு கட்டிவிட்டேன். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, பெண்ணின் பத்தாம் வகுப்புப் பரீட்சை வரைக்கும் கணக்குப் போட்டாகிவிட்டது. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "இது ஸ்டேஜ் இல்லம்மா, படத்தைப் பாத்து எவ்வளவு சந்தேகம்னு போடுற நம்பர்" என்றார். 4ஏ என்றால் புற்றுநோயாக இருக்க நூற்றுக்கு 2 முதல் 10 வரை வாய்ப்பு. ஆனாலும் ஊசியால் கட்டியிலிருந்து கொஞ்சம் சதை எடுத்துச் சோதிக்கும் பயாப்சி செய்தே ஆக வேண்டும்.

அன்று ராத்திரி அம்மா: "ஊசி குத்தினா பரவிடும்டி!" ஒண்ணுமில்லாத கட்டி எப்படிப் பரவும் என்று கேட்க எனக்குத் தெம்பில்லை. மறுநாள் டாக்டரிடம் அதையே கேட்டேன். தினமும் யாராவது கேட்பார்கள் போல, அலுத்துக்கொள்ளாமல் சொன்னார்: ஊசியால் நோய் முற்றுவதில்லை; என்னவென்று தெரியாமல் அறுத்து, பிறகு புற்று என்று வந்தால்தான் மறுபடி அறுக்க வேண்டியிருக்கும். புற்று என்றால் சிலருக்கு ஆபரேஷனுக்கு முன்னாலேயே கீமோ கொடுப்பதும் உண்டாம்; அதற்கும் முதலில் என்னவென்று தெரிய வேண்டுமே.

மரத்துப்போக ஊசி போட்டார்கள். ஸ்கேனில் பார்த்துக்கொண்டே இன்னொரு ஊசி. ஸ்டேப்ளர் அடிப்பது போல 'டக்'கென்று ஐந்து முறை. சேமியாத் துண்டு மாதிரி சதை பாட்டிலில் மிதந்தது. வலியைவிட அந்தச் சத்தத்துக்குத்தான் உடம்பு தூக்கிப்போட்டது. இரண்டு நாள் நாவல்பழ நிறத்தில் கன்றிப்போயிருந்தது, அவ்வளவுதான்.

எட்டாம் நாள் ரிப்போர்ட்: ஃபைப்ரோஅடினோமா, புற்று இல்லை. ஸ்கேனும் பயாப்சியும் ஒத்துப்போவதால் இப்போதைக்கு எடுக்க வேண்டாம், ஆறு மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் என்றார்கள்.

பஸ் ஸ்டாண்டிலிருந்தே அம்மாவுக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வலிக்கலைன்னா ஒண்ணுமில்லன்னு நான் அப்பவே சொன்னேன்ல?" என்றார்.