முன்கை இறுகினால் தொடையைச் சோதியுங்கள்

கோவையைச் சுற்றியுள்ள செம்மண் தடங்களில் வார இறுதிகளில் மோட்டோகிராஸ் (மேடுபள்ளமான மண்தடத்தில் நடக்கும் பைக் பந்தயம்) ஓட்டும் நண்பர்கள் பலரை இயன்முறை மருத்துவன் என்ற முறையில் சோதித்துப் பார்த்து வருகிறேன். பட்டறை உரிமையாளர், மென்பொருள் பணியாளர், கல்லூரி மாணவர் என்று யாராக இருந்தாலும் முதலில் சொல்லும் குறை ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கிறது: “மூணாவது லேப்லயே முன்கை கல்லாட்டம் ஆயிருதுங்க, கிளட்ச்சைப் புடிக்க வெரலே வர மாட்டேங்குதுங்க.” இவர்களில் பெரும்பாலோர் என்னிடம் வருவதற்கு முன்பே கைப்பிடி ஸ்பிரிங்கை அமுக்குவது, மணிக்கட்டுக்கு டம்பெல் தூக்குவது என்று முன்கைக்குத் தனியாகப் பயிற்சி செய்து சில மாதங்களைக் கழித்திருப்பார்கள். ஆனாலும் இறுக்கம் தீர்ந்திருக்காது. அது தீராததற்குக் காரணம் பெரும்பாலும் முன்கையில் இல்லை, காலிலும் மூச்சிலும் இருக்கிறது என்பதும், அதை ஊகிக்காமல் அளந்தே தெரிந்துகொள்ளலாம் என்பதும்தான் நான் இங்கே சொல்ல வருவது.

ஆக்சிலேட்டரைத் திருகினால் வண்டி ஓடுகிறது, இதில் ஓட்டுபவருக்கு என்ன உழைப்பு என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும். உலக மோட்டோகிராஸ் சாம்பியன்ஷிப்பில் ஒரு மோட்டோ என்பது 30 நிமிடமும் அதற்கு மேல் இரண்டு சுற்றுகளும். பந்தய நாளில் அப்படி இரண்டு மோட்டோக்கள். நம் ஊர்த் தொடக்கநிலைப் பந்தயங்கள் அதைவிட மிகக் குறுகியவை என்பது உண்மைதான், ஆனால் நம்மவர்களின் வண்டி வேறு. பந்தயத்துக்கென்றே செய்யப்பட்ட 250 சிசி நான்கு ஸ்ட்ரோக் மோட்டோகிராஸ் வண்டி 100 கிலோவை ஒட்டி இருக்கும். இங்கே பலருக்குக் கட்டுப்படியாகும் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 ஏறத்தாழ 160 கிலோ. சாலைக்கும் சேர்த்துச் செய்யப்பட்ட அதன் சஸ்பென்ஷன், டேபிள்டாப் எனும் தட்டை உச்சியுள்ள மண்மேட்டிலிருந்து தாவி இறங்கும்போது வரும் அடி முழுவதையும் தாங்கிக்கொள்வதில்லை. மிச்சத்தை ஓட்டுபவரின் கணுக்காலும் முழங்காலும் இடுப்பும்தான் வாங்க வேண்டும்.

உலகிலேயே கடினமான விளையாட்டு எது என்ற பட்டியல்களில் எனக்கு நம்பிக்கையில்லை. அவற்றில் மோட்டோகிராஸை மேலே வைப்பதில் ஓட்டுபவர்களுக்கு ஒரு பெருமை இருக்கிறது, அவ்வளவே. அதைவிடப் பயனுள்ளது பின்லாந்து ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு. முன்னணி ஓட்டுநர்களையும் பொழுதுபோக்காக ஓட்டுபவர்களையும் அரை மணி நேரம் தடத்தில் ஓடவிட்டு, இதயத்துடிப்பையும் ஆக்சிஜன் நுகர்வையும் ஒருசேர அளந்தார்கள். இதயத்துடிப்பு தொடக்கம் முதலே அவரவர் உச்சத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் சென்று அங்கேயே நின்றது; ஆக்சிஜன் நுகர்வோ நேரம் ஆக ஆகக் குறைந்தது. ஓட்டப் பந்தய வீரரிடம் இவை இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே ஏறி இறங்கும். மோட்டோகிராஸில் அவை பிரிந்துபோவதற்குக் காரணம், தசைகள் அசையாமல் இறுகிய நிலையிலேயே நெடுநேரம் வேலை செய்வதும், அச்சமும் பரபரப்பும் சேர்ந்து இதயத்தை விரட்டுவதும்தான். ஆகவே, கைக்கடிகாரம் காட்டும் துடிப்பை மட்டும் பார்த்து “எனக்கு 185 வரை போனது, நல்ல கார்டியோ” என்று மகிழ்வதில் பொருளில்லை. அந்த 185-இல் எவ்வளவு உழைப்பு, எவ்வளவு பதற்றம் என்று கடிகாரம் சொல்லாது.

ஓட்டுபவர்கள் ஆர்ம் பம்ப் என்று சொல்லும் முன்கை இறுக்கத்தின் இயக்கம் எளிதானது. முன்கைத் தசைகளைச் சுற்றியிருக்கும் உறை அதிகம் விரிந்து கொடுக்காது. கடுமையாகப் பிடித்துக்கொண்டே இருக்கும்போது தசைக்குள் ரத்தம் வந்துகொண்டிருக்கிறது, ஆனால் தசை இறுகியிருப்பதால் அழுத்தம் குறைந்த சிரைகளின் வழியே அது எளிதில் வெளியேற முடிவதில்லை; உள்ளே அழுத்தம் கூடி, தசை வீங்கி, விரல்கள் சொன்னபடி கேட்காமல் போகின்றன. ஒருவர் ஏன் அவ்வளவு கடுமையாகப் பிடிக்கிறார் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. தொடை சோர்ந்தவுடன் முழங்கால்கள் டேங்கைக் கவ்வுவதை விட்டுவிடுகின்றன. இடுப்பு பின்னால் சரிகிறது. முடுக்கும்போது உடல் முழுவதும் ஹேண்டில்பாரில் தொங்குகிறது. கால் செய்ய வேண்டிய வேலை அந்தக் கணத்தில் கைக்கு வந்து சேர்கிறது.

இதைக் கண்ணால் காட்டுவதற்கு நான் வைத்துக்கொண்டிருக்கும் சோதனை ஒன்று உண்டு. எந்தப் பாடநூலிலிருந்தும் எடுத்ததில்லை, நானே அமைத்துக்கொண்டது. ஃபுட்பெக் (வண்டியில் கால் வைக்கும் கட்டை) அகலத்துக்கு இரண்டு மரக்கட்டைகளைப் போட்டு, முன்பாதம் அவற்றில் பதியும்படி ஏறி நிற்கச் சொல்வேன். முழங்கால் சற்று மடங்கி, இடுப்பு பின்தள்ளி, முழங்கைகள் வெளியே விரிந்த அந்தத் தாக்குநிலையில், ஹேண்டில்பார் உயரத்தில் ஒரு மேசைமேல் வைத்த எடை பார்க்கும் கருவியில் உள்ளங்கைகளை லேசாக ஊன்றச் சொல்வேன். முதல் நிமிடத்தில் முள் இரண்டு மூன்று கிலோவைக் காட்டும். தொடை நடுங்கத் தொடங்கியதும் அந்த முள் மெல்ல ஏறி, சிலருக்குப் பத்தைத் தாண்டுவதைப் பார்த்திருக்கிறேன். நிற்பவருக்கோ தாம் கையில் சாய்ந்திருப்பதே தெரியாது. எத்தனை நிமிடத்தில் முள் இரட்டிப்பாகிறது என்பதைக் குறித்துக்கொள்வேன். அந்த நேரமும் அவர் தடத்தில் கை இறுகுவதாகச் சொல்லும் நேரமும் பலமுறை நெருங்கி வந்திருக்கின்றன.

இந்தச் சோதனைக்கு முன்னே செய்ய வேண்டியவை உண்டு. போட்டி உரிமத்துக்காக வாங்கும் மருத்துவச் சான்றிதழை ஒரு சடங்காக முடித்துக்கொள்ளாமல், ரத்த அழுத்தத்தையும் குடும்பத்தில் இளம் வயது மாரடைப்பு உண்டா என்பதையும் மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். இறுகிய தசைவேலை ரத்த அழுத்தத்தை உடனே உயர்த்தக்கூடியது என்பதால், முப்பத்தைந்தைக் கடந்தவர்களுக்கு இதை நான் வற்புறுத்துகிறேன்.

மூச்சு வாங்கினாலும் கால் சீக்கிரம் சோர்ந்துவிடும் என்பதால் மூச்சின் திறனையும் பார்க்க வேண்டும்; அதை அளக்க ஆய்வகம் தேவையில்லை. அமெரிக்க மருத்துவர் கென்னத் கூப்பர் 1968-இல் வகுத்த 12 நிமிட ஓட்டமே போதும்: கடந்த தொலைவை மீட்டரில் எடுத்து, 504.9-ஐக் கழித்து, 44.73-ஆல் வகுத்தால் உச்ச ஆக்சிஜன் நுகர்வின் மதிப்பீடு கிடைக்கும். 2,400 மீட்டர் ஓடியவருக்கு இது ஏறத்தாழ 42, 2,000 மீட்டர் ஓடியவருக்கு ஏறத்தாழ 33. அளவு, கிலோ ஒன்றுக்கு நிமிடத்துக்கு இத்தனை மில்லிலிட்டர் என்பது. முழங்கால் வலி உள்ளவர்களை ஓடவிடாமல் ரோயிங் கருவியில் 2,000 மீட்டர் இழுக்க வைக்கலாம். அதற்கு எடுத்த நேரத்தைப் பிறருடையதோடு ஒப்பிடாமல், அவரவரின் முந்தைய நேரத்தோடு மட்டும் ஒப்பிட வேண்டும்.

பிடிவலிமையையும் அளக்கிறேன், ஆனால் தடத்தின் ஓரத்தில். முழங்கையை உடலோடு ஒட்டி 90 பாகையில் மடக்கி, டைனமோமீட்டரை ஓட்டத்துக்கு முன் ஒரு முறையும், இறங்கிய ஒரு நிமிடத்துக்குள் ஒரு முறையும், பத்து நிமிடம் கழித்து ஒரு முறையும் அழுத்தச் சொல்வேன். கட்டைமேல் நின்ற சோதனையில் கால் நன்றாகத் தாங்கியும், இறங்கியவுடன் பிடி பெரிதும் விழுந்திருந்தால், அப்போது முன்கையையும் வண்டியையும் சந்தேகிக்கலாம்: லிவர் மிக உயரமாக இருக்கிறதா, கையுறை தடித்திருக்கிறதா, ஒரு விரலால் பிடிக்க வேண்டிய கிளட்ச்சை நான்கு விரலாலும் பிடிக்கிறாரா என்று பார்க்க வேண்டும். ஓய்வெடுத்த பிறகும் வலியும் மரத்துப்போதலும் நீடித்தால் அது எலும்பு மருத்துவரிடம் போக வேண்டிய விஷயம். அவர் தசைக்குள் ஊசி வழியே அழுத்தத்தை அளந்து, தேவையானால் உறையைப் பிளக்கும் அறுவையைப் பற்றிப் பேசுவார். முன்னணி வீரர்கள் சிலர் அந்த அறுவையைச் செய்துகொண்டிருக்கிறார்கள் என்பதால் இளைஞர்கள் நேரே அதைப் பற்றிக் கேட்டுக்கொண்டு வருகிறார்கள். காலைச் சோதிக்காமல் கையைக் கிழிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

சோர்வு மூளைக்கும் எட்டுகிறது என்பதைக் காட்ட ஓர் அடிக்கோல் போதும். நான் அதைச் செங்குத்தாகப் பிடித்திருந்து திடீரென்று விடுவேன். அவர் இரு விரல்களுக்கிடையில் பிடிக்க வேண்டும். 20 சென்டிமீட்டரில் பிடித்தால் எதிர்வினை நேரம் ஏறத்தாழ 0.20 நொடி, 30 சென்டிமீட்டரில் பிடித்தால் ஏறத்தாழ 0.25 நொடி. ஓய்விலும் ஓட்டம் முடிந்த கையோடும் இரண்டையும் எடுத்து வைக்கிறேன். 0.05 நொடி என்ன பெரிய வேறுபாடு என்று கேட்பவர்களுக்கு, மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் அது 70 சென்டிமீட்டர் என்று சொல்வேன். பெர்மின் (வளைவில் எழும்பியிருக்கும் மண்கரை) விளிம்புக்கு உள்ளே போவதற்கும் வெளியே போவதற்கும் அதுவே போதும்.

எல்லாவற்றிலும் நம்பகமான சோதனை சுற்று நேரம்தான். மிகச் சிறந்த சுற்றை யாரும் மறப்பதில்லை. கடைசிச் சுற்றை யாரும் எழுதி வைப்பதில்லை. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடே உடற்தகுதியின் அளவு. பயிற்சியால் அந்த இடைவெளி சுருங்குகிறதா என்பதை ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை, அதே தடத்தில், இயன்றவரை அதே ஈரப்பதமுள்ள மண்ணில் பார்க்க வேண்டும்.

பயிற்சியைப் பற்றிச் சொல்வதற்கு அளவீட்டைவிடக் குறைவாகவே இருக்கிறது. அமெரிக்க மோட்டோகிராஸ் வீரர் ரிக்கி கார்மைக்கேல் 2002-இல் அந்நாட்டுச் சாம்பியன்ஷிப்பின் 250 பிரிவில் 24 மோட்டோக்களையும் வென்றபோது அவருக்குப் பின்னால் ஆல்டன் பேக்கர் என்ற பயிற்றுநர் இருந்தார். பின்னாளில் ரயன் வில்லோபோட்டோ, ரயன் டன்ஜி போன்றோரையும் அவர் உருவாக்கினார். சைக்கிளிலேயே மணிக்கணக்கில் போகும் அந்த முறையை இணையத்தில் பார்த்துவிட்டு, நாள் முழுதும் லேத்தில் நின்று வேலை செய்பவர் வாரத்தில் ஆறு நாள் பின்பற்ற முயல்வதுதான் நான் காணும் பெரிய கேடு. கார்மைக்கேலுக்கு ஓய்வும் வேலையின் ஒரு பகுதி. நம்மவருக்கு ஓய்வு என்பது மிச்சம் மீதி. வாரத்தில் இரண்டு நாள், பேசிக்கொண்டே செல்லக்கூடிய வேகத்தில் முக்கால் மணி நேரம் சைக்கிளோ மருதமலைப் படிகளோ. ஒரு நாள் நான்கு நிமிடம் கடுமையாகவும் மூன்று நிமிடம் மெதுவாகவும் நான்கு முறை. இரண்டு நாள் காலுக்கும் இடுப்புக்கும் பளு. பெரும்பாலோருக்கு இதற்கு மேல் தேவைப்படுவதில்லை. பஸ்கியும் டெட்லிஃப்டும் ஒற்றைக்கால் குந்துதலும் முதன்மை. கர்லாக்கட்டையை நான் விரும்பிச் சேர்க்கிறேன், காரணம் அது தோளையும் மணிக்கட்டையும் சுழலவிடுகிறது, மேலும் இறுக்கிப் பிடித்தால் கட்டை சரளமாகச் சுழலாது. தளர்வாகப் பிடிக்கும் பழக்கத்தை உடல் அதிலிருந்து கற்றுக்கொள்கிறது. பந்தயத்துக்கு முந்தைய இரண்டு நாள்களில் பிடிக்கு வேலை தரும் எதையும் செய்ய விடுவதில்லை. காலையில் எழுந்தவுடன் எடுக்கும் நாடித்துடிப்பு வழக்கத்தைவிடச் சில துடிப்புகள் தொடர்ந்து கூடியிருந்தால் அன்றைய பயிற்சியை விட்டுவிடலாம்.

வெயிலை அளவீட்டிலிருந்து பிரிக்க முடியாது. ஹெல்மெட், மார்புக்கவசம், முழங்கால் பிரேஸ், பூட்ஸ் எல்லாம் அணிந்தவரின் வியர்வை ஆவியாக வழியில்லை. ஓட்டத்துக்கு முன்னும் பின்னும், உடலைத் துடைத்துவிட்டு எடை பார்த்தால், குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ ஒரு லிட்டர் வியர்வை. 70 கிலோ எடையுள்ளவர் 1.4 கிலோ இழந்திருந்தால் அது இரண்டு விழுக்காடு. அந்த அளவிலிருந்து வெயிலில் தாங்குதிறன் குறையத் தொடங்குவதாகக் கொள்ளலாம். இளநீரில் பொட்டாசியம் உண்டு, சோடியம் குறைவு. வியர்வையில் போவது முதன்மையாகச் சோடியம் என்பதால் உப்புப் போட்ட நீர்மோரையே நான் பரிந்துரைக்கிறேன்.

கடைசியாக, பெரும்பாலோர் விட்டுவிடும் ஒரு சோதனை. 2015-இல் டக்கார் என்ற நெடுந்தொலைவுப் பாலைவனப் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரான பெங்களூரு சி. எஸ். சந்தோஷ், 2021 டக்காரில் விழுந்து தலையில் அடிபட்டு, மருத்துவர்களால் செயற்கை மயக்கத்தில் வைக்கப்பட்டார். அவ்வளவு பெரிய அடி வெளிப்படையாகத் தெரிந்துவிடும்; எழுந்து நின்று “ஒண்ணும் இல்லைங்க” என்று சொல்ல வைக்கும் சிறிய அடிதான் தப்பிவிடுகிறது. அதற்காகப் பருவத்தின் தொடக்கத்திலேயே, நலமாக இருக்கும்போது, தலையில் அடிபட்டவரை மதிப்பிட 2023-இல் வெளியான ஸ்கேட் 6 (SCAT6) படிவத்தின்படி ஒவ்வொருவருக்கும் ஓர் அடிப்படை அளவு எடுத்து வைக்கிறேன்: சொற்பட்டியலை நினைவிலிருந்து சொல்வது, டிசம்பரிலிருந்து பின்னோக்கி மாதங்களைச் சொல்வது, கண்ணை மூடி ஒற்றைக்காலில் 20 நொடி நிற்பது. தலையில் அடிபட்டதாகச் சிறு சந்தேகம் எழுந்தாலும் அன்று மீண்டும் வண்டியில் ஏற்றுவதில்லை, மருத்துவரிடம் அனுப்பிவிடுகிறேன். அவர் அனுமதித்த பிறகு நடை, சைக்கிள், பளு என்று படிப்படியாக, ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம் விட்டு ஏறுகிறோம். தலைவலி திரும்பினால் ஒரு படி இறங்குகிறோம். கடைசியில் ஆளில்லாத தடத்தில் தனியாக மூன்று சுற்று ஓட்டிவிட்டு வருபவரிடம், ஹெல்மெட்டைக் கழற்றியவுடன் அதே அடிக்கோலையும் அதே ஒற்றைக்கால் நிலையையும் வைத்துப் பார்த்து, பழைய எண்களுக்கு அருகில் வந்திருந்தால் மட்டுமே அடுத்த பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கச் சொல்கிறேன்.