மீட்டர் வந்த பிறகு

2011 ஜனவரி 28, வெள்ளிக்கிழமை. திருப்பூரில் உள்ள சாயப் பட்டறைகள், துணியை வெளுக்கும் சலவைப் பட்டறைகள் அத்தனையையும் மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது அன்றைக்குத்தான். சில நாட்களில் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டார்கள். நான் ஒரு சாயப்பட்டறையின் லேபில் ஐந்து வருடமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கணக்கு முடித்து வாங்கப் போன அன்று மெஷின் ஹாலுக்குள் எட்டிப் பார்த்தேன். பம்பும் ப்ளோயரும் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாத இடம் அது. இப்போது டக், டக் என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது. வால்வுகள் சொட்டிக்கொண்டிருந்தன. ஒன்றிரண்டு இல்லை, பத்துக்கு மேல் இருக்கும். ஐந்து வருடமாகச் சொட்டிக்கொண்டு இருந்திருக்க வேண்டும், யாருக்கும் கேட்டதில்லை.

எங்கள் மேல் நீதிமன்றம் ஒரே நாளில் பாய்ந்துவிடவில்லை. நொய்யல் ஆற்றில் நாங்கள் விட்ட தண்ணீர் கீழே ஒரத்துப்பாளையம் அணையில் போய்த் தேங்கியது. 1992-இல் பாசனத்துக்காகக் கட்டிய அணை அது. அந்தத் தண்ணீர் பாய்ந்த நிலத்தில் எதுவும் விளையவில்லை என்று ஆயக்கட்டு விவசாயிகள் வருடக்கணக்காக வழக்கு நடத்தினார்கள். எங்களிடம் சுத்திகரிப்பு நிலையம் இல்லாமலும் இல்லை. சுண்ணாம்பும் பெரஸ் சல்பேட்டும் போட்டு நிறத்தை இறக்கிவிடுவோம். பார்க்கத் தெளிவாக இருக்கும். உப்பு மட்டும் அப்படியே போகும்.

எவ்வளவு உப்பு? பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏற உப்பு வேண்டும். 500 கிலோ துணி, கிலோவுக்கு 6 லிட்டர் என்று 3,000 லிட்டர் தண்ணீர். நேவி, கருப்பு மாதிரி அடர் நிறம் என்றால் லிட்டருக்கு 80 கிராம் உப்பு. ஆக, மெஷினில் ஒரு தடவை ஏறும் துணிக்கு, அதாவது ஒரு லாட்டுக்கு, 240 கிலோ. சாயமாவது பாதிக்கு மேல் துணியில் தங்கும். உப்போ, சாயத்தைத் துணிப்பக்கம் தள்ளிவிட்டுத் தானே வாய்க்காலுக்குப் போய்விடும். ஆற்றில் விடுகிற தண்ணீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. எங்கள் கணக்குக்கும் அந்த விதிக்கும் எவ்வளவு தூரம் என்று லேபில் இருந்த எங்களுக்குத் தெரியும். தெரிந்தேதான் ரிஜிஸ்டர் எழுதினோம்.

பட்டறை மறுபடி ஓட ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அதுவரை ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தேன். அந்த மாதங்களில் ஊர்த் துணி லாரி ஏறி வேறு ஊர்களுக்கும் வேறு மாநிலங்களுக்கும் சாயம் போடப் போனது. அங்கே அந்தத் தண்ணீர் எங்கே போயிற்று என்று யாரும் கேட்டதாக ஞாபகம் இல்லை.

திரும்பத் திறந்தபோது பொது சுத்திகரிப்பு நிலையம் அடியோடு மாறியிருந்தது. ஒரு சொட்டு வெளியே போகக் கூடாது. முதலில் பாக்டீரியா தொட்டி, அப்புறம் பில்டர்கள், அப்புறம் ஆர்.ஓ. அதில் தேறும் நல்ல தண்ணீர் எங்களுக்கே குழாயில் திரும்பி வரும். மிஞ்சும் உப்புத்தண்ணீரை ஆவியாக்கிக் காய்ச்சி உப்பை எடுப்பார்கள். கொஞ்சத்தை உப்புக்கரைசலாகவே திருப்பி அனுப்புவார்கள். இது எல்லாவற்றையும் விட எங்கள் பட்டறையை மாற்றியது, கழிவுநீர்க் குழாயில் மாட்டிய ஒரு மீட்டர். டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். ஓடுகிற ஒவ்வொரு லிட்டருக்கும் எங்களுக்கு 25 பைசா போல ஆனது.

25 பைசா இன்றைக்குச் செல்லாக்காசு. ஆனால் ஒரு லாட் முடிய சலவை, சாயம், அலசல் என்று எட்டுப் பத்துத் தடவை மெஷினை நிரப்பி வடிப்போம். 30,000 லிட்டர். அதாவது 7,500 ரூபாய். முதல் மாத பில்லைப் பார்த்த முதலாளி காலையில் வந்ததும் சாமி படத்துக்கு முன்னால் நிற்பதற்கு முன் மீட்டருக்கு முன்னால் நிற்க ஆரம்பித்தார்.

ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, நேத்து சாயங்காலம் ஒரு மெஷின்தான் வடிச்சிருக்கோம். மீட்டர் ஏன் ரெண்டு மெஷினுக்கு ஓடியிருக்குது?" என்றார். மீட்டர் கோளாறு என்று நினைத்தேன். சாயம் போடுவதைப் பார்த்துக்கொள்ளும் மாஸ்டரும் அதையேதான் சொன்னார். ஷிப்ட் முழுக்க வாய்க்கால் ஓரம் நின்று பார்த்தபோதுதான் பிடிபட்டது. சலவையும் சாயமும் நடக்கும் சாப்ட் ப்ளோ மெஷினில் சலவை முடிந்ததும் 95 டிகிரி சூட்டை இறக்க, பக்கத்துக் குழாய் வழியே பச்சைத்தண்ணீரை ஓடவிடுவோம். அது துணியைத் தொடுவதே இல்லை. சூட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வெளியே வரும். சாயமோ உப்போ சேராத நல்ல வெந்நீர், மெஷின் வாங்கிய நாளில் போட்ட குழாய் வழியாக நேராகக் கழிவு வாய்க்காலில் விழுந்துகொண்டிருந்தது. நல்ல தண்ணீரைச் சாக்கடையில் கலந்து, அதைச் சுத்தம் பண்ணக் காசும் கொடுத்து, அடுத்த ஹாட் வாஷுக்கு விறகு எரித்துப் புதுத்தண்ணீரைக் காயவைத்துக்கொண்டிருந்தோம்.

சரிசெய்ய ஆனது ஒரு பைப் பிட்டர், இரண்டு நாள், ஒரு பழைய டேங்க். அவ்வளவுதான். கம்பெனிகள் சுற்றுச்சூழலுக்கு என்ன செய்யலாம் என்று இப்போது என்னிடம் கேட்பவர்களுக்கு இந்தக் குழாய்க் கதையைத்தான் முதலில் சொல்வேன். சோலார் பேனல் மாதிரி ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம் தெரியும்.

பாய்லர் அறையில் ஒரு அண்ணன் இருந்தார். படிப்பு எட்டாவது. நீராவிக் குழாயில் ஆங்காங்கே ஸ்டீம் ட்ராப் என்று ஒன்று இருக்கும். நீராவியைப் பிடித்து வைத்துக்கொண்டு, நீராவி குளிர்ந்து தண்ணீராக மாறியதை மட்டும் வெளியே விட வேண்டும். கெட்டுப்போனால் நீராவியும் சேர்ந்து ஓடிவிடும், வெளியே தெரியாது. அண்ணன் நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை ட்ராப்பில் வைத்து, பிடியைக் காதில் அழுத்திக் கேட்பார். நல்ல ட்ராப் விட்டுவிட்டு மூச்சு விடும், கெட்டது நிறுத்தாமல் சீறும். "ஏந்தம்பி, இதைய நான் நாலு வருசமாச் சொல்றனுங்க. விறகுதானேன்னு விட்டுப்போட்டாங்க" என்றார். அவர் கைகாட்டிய ஏழு ட்ராப்பை மாற்றினோம். விறகு லோடு குறைந்தது. எவ்வளவு குறைந்தது என்று எழுதிவைக்கவில்லை என்பதில் இன்றும் எனக்கு வருத்தம் உண்டு. பிற்பாடு ஆடிட்டுக்கு வந்தவர்கள் அந்த எண்ணைத்தான் கேட்டார்கள்.

திரும்பி வந்த தண்ணீரை மாஸ்டர் ஒத்துக்கொள்ளவே இல்லை. "சாக்கடையில சாயம் போடச் சொல்றீங்களா?" என்று கோபம். போர்த் தண்ணீரையும் லாரித் தண்ணீரையும் வைத்தே கைப்பக்குவம் கண்டவர் அவர். ஆனால் அந்தத் தண்ணீரில் கடினத்தன்மை கிடையாது. ஷேடு முன்பைவிடச் சீராக விழுந்தது. இரண்டு மாதத்தில், லாரித் தண்ணீர் வந்தால் முகம் சுளிக்க ஆரம்பித்துவிட்டார்.

உப்புக்கரைசல் கதை வேறு. மூட்டை உப்பைப் போல அதை எடை போட முடியாது. ஒவ்வொரு தடவை வரும்போதும் எத்தனை கிராம் என்று அளந்து, கணக்குப் போட்டு விட வேண்டும். அந்த வேலை என்னுடையது. ஒரு மழைக்கால இரவு. கரைசலின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் லேபில் உடைந்து இரண்டு நாளாகியிருந்தது. வாங்கச் சொல்லி எழுதிப் போட்டேன், வாங்கித் தரச் சொல்லி நிற்கவில்லை. முந்தின நாள் அளவையே இன்றைக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன். அன்று வந்த கரைசல் லேசு. 500 கிலோ நேவி, வெளுத்துப்போன ஸ்கூல் யூனிபார்ம் மாதிரி வெளியே வந்தது. மேல்சாயம் கொடுத்து, பத்தாமல் இன்னொரு தடவை கொடுத்து, அலசி, விடிவதற்குள் 20,000 லிட்டர் கூடுதலாக ஓடிவிட்டது. காலையில் முதலாளி மீட்டரைப் பார்த்துவிட்டு ஹாலுக்குள் வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் மாஸ்டர், "உப்பு இன்னைக்குக் கொஞ்சம் ஏமாத்திருச்சுங்க" என்றார். அவருக்குத் தெரியும். முதலாளிக்கும் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். மத்தியானம் இரண்டு ஹைட்ரோமீட்டர் வந்தது.

தண்ணீரை மிச்சப்படுத்துவதில் எனக்குத் தெரிந்த பெரிய வித்தை அதுதான்: சாயம் முதல் தடவையிலேயே சரியாக விழுவது. மறுபடி சாயம் போடும் ஒரு ரீ-டை, பத்து நாள் சிக்கனத்தைக் குடித்துவிடும். அதற்கு லேபில் பொறுமை வேண்டும், மாஸ்டருக்கு டெலிவரி நெருக்கடி குறைய வேண்டும். அப்புறம் சின்னச் சின்ன வழிகள் உண்டு. சலவைக்குப் பின் துணியில் தங்கும் பெராக்சைடை எடுக்க இரண்டு ஹாட் வாஷ் கொடுப்போம். அதை ஒரு என்சைம் போட்டு முடிக்கலாம் என்று தெரிந்ததும் லாட்டுக்கு 6,000 லிட்டர் குறைந்தது.

இவ்வளவும் ஆன பிறகுதான் எனக்கு 'சஸ்டெயினபிலிட்டி' என்று பெயர் போட்ட விசிட்டிங் கார்டு கிடைத்தது. சம்பளம் கொஞ்சம் கூடியது, ஃபைல் நிறையக் கூடியது. துணி வாங்கும் வெளிநாட்டு பையர்களின் ஆட்கள் வருவார்கள். சான்றிதழ், கெமிக்கல் பட்டியல், தண்ணீர்க் கணக்கு எல்லாம் கேட்பார்கள். கேட்கட்டும், அதில் தப்பில்லை. கேட்டதால் நிறுத்திய கெமிக்கல்களும் உண்டு. ஆனால் ஒரே பையரின் இரண்டு மெயில் ஒரே வாரத்தில் வந்ததைப் பார்த்திருக்கிறேன். ஒன்று, தண்ணீரை இன்னும் குறைக்கச் சொல்லி. இன்னொன்று வேறு துறையிலிருந்து, கிலோவுக்கு மூன்று ரூபாய் குறைக்கச் சொல்லி. சுத்திகரிப்புச் செலவே இல்லாத ஊரில் போட்ட சாயத்தின் ரேட்டை எங்கள் முன் வைத்துப் பேசுவார்கள். அந்த ஊரின் ஆறு அந்த ரேட்டுக்குள் இருக்கிறது என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். வந்தவர் நல்ல மனிதர், தலையாட்டிக்கொண்டார்.

நாங்களும் முழுசாகக் கரையேறிவிடவில்லை. உப்புத்தண்ணீரை ஆவியாக்க நீராவி வேண்டும், அதற்கு விறகு எரிகிறது. ஆர்.ஓ. மின்சாரம் குடிக்கிறது. நல்ல உப்பைப் பிரித்தெடுத்த பிறகு, எதற்கும் ஆகாத கலப்பு உப்பு கொஞ்சம் மிஞ்சும். அது மூட்டை கட்டி ஷெட்டில் அடுக்கியிருக்கிறது. நொய்யலுக்குள் போகவில்லை, ஆனால் எங்கேயும் போகவும் இல்லை. ஆடிட்டுக்கு வருபவர்களை அந்த ஷெட்டுக்கு நானாகவே கூட்டிப்போவேன். முதலாளிக்கு அதில் அவ்வளவாகச் சம்மதம் கிடையாது. போட்டோ எடுக்காமல் இருந்தால் சரி என்பார்.

போன மாதம் ஒரு பையர் ஆன்லைனில் படிவம் அனுப்பியிருந்தார்கள். கிலோ துணிக்கு எத்தனை லிட்டர் என்று ஒரு கட்டம். 2012-இல் மீட்டர் மாட்டிய புதிதில் 90-க்கு மேல் இருந்தது எனக்கு ஞாபகம் இருந்தது. 48 என்று போட்டு அனுப்பினேன். இரண்டு நாளில் பாராட்டுக் கடிதம் வந்தது, பச்சை இலை படம் போட்டு. அதை பிரிண்ட் எடுத்து முதலாளியிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"ரேட்டப் பத்தி ஏதாச்சும் எழுதியிருக்காங்களா தம்பி?"

"இல்லீங்கண்ணா" என்றேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மீட்டர் பக்கம் போனார்.