படகுல உலகம் சுத்தப் போறோம்... ஆனா இது கடல் கதை இல்ல, காலண்டர் கதை

நாங்க குடும்பத்தோட பாய்மரப் படகுல உலகம் சுத்தி வரப் போறோம்னு சொன்னதும் எல்லாரும் கேக்குற மொதல் கேள்வி, "என்ன படகு வாங்கியிருக்கீங்க?" அடுத்தது, "புயல் வந்தா என்ன பண்ணுவீங்க?" இந்த ரெண்டுக்கும் நடுவுல தான் நாங்க கொஞ்ச வருஷமா மாட்டிக்கிட்டு முழிச்சோம், அதைப் பத்தி ஒருத்தரும் கேக்கறதில்ல, அதான் நானே எழுதுறேன்.

நாங்க இருக்கறது இங்கிலாந்துல, சவுத்தாம்ப்டன் பக்கம். நாலு பேரு. நான், வீட்டுக்காரர், ஆறாம் வகுப்பு முடிக்கப் போற பொண்ணு, அவளுக்கு மூணு வருஷம் சின்னவன் ஒரு பையன். படகுக்கு ஸ்கிப்பர், அதாவது கேப்டன், நான் தான். வீட்டுக்காரருக்குக் கடல்னா உசுரு, ஆனா பாயை இழுத்துக் கட்டறதை விட குக்கர் வைக்கறது தான் தனக்கு நல்லா வருதுன்னு அவரே ஒத்துக்குவார். ஊர்ல இதைச் சொன்னா யாரும் நம்ப மாட்டேங்குறாங்க, அது வேற விஷயம்.

படகு எல்லாம் கடைசிங்க. மொதல்ல ஒரு பெரிய சார்ட் பேப்பர் வாங்கி சுவத்துல ஒட்டி மாசத்தை எழுதினோம். ஏன்னா இந்தப் பயணத்துல நம்ம இஷ்டத்துக்குப் போக முடியாது, காத்து எப்ப எங்க அடிக்குதோ அப்ப அங்க இருக்கணும், புயல் எப்ப எங்க வருமோ அப்ப அங்க இருக்கக் கூடாது, அவ்வளவு தான் மொத்த சூத்திரமும். அட்லாண்டிக்ல ஹரிக்கேன் சீசன் ஜூன்ல ஆரம்பிச்சு நவம்பர் கடைசி வரைக்கும். தென் பசிபிக்ல புயல் சீசன் நவம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும். தென் இந்தியப் பெருங்கடல்லயும் கிட்டத்தட்ட அதே மாசங்கள் தான். இதுக்கு மேல பிஸ்கே விரிகுடான்னு ஒண்ணு இருக்கு, பிரான்ஸுக்கும் ஸ்பெயினுக்கும் பக்கவாட்டுல, இலையுதிர் காலம் பொறந்துட்டா அங்க கடல் ரொம்ப மோசம், அதனால ஆகஸ்ட் முடியறதுக்குள்ள தாண்டிடணும்.

இதையெல்லாம் சார்ட்ல போட்டா வழி தன்னாலயே வந்துருது. ஆகஸ்ட்ல கிளம்பி பிஸ்கே தாண்டி ஸ்பெயின், போர்ச்சுகல், மடீரா, கனேரித் தீவு. டிசம்பர்ல அட்லாண்டிக் தாண்டி கரீபியன். பிப்ரவரி கடைசி, மார்ச்ல பனாமா கால்வாய். அப்புறம் பசிபிக் தீவுகளான மார்க்கேசஸ், டஹிடி, டோங்கா, ஃபிஜி, நவம்பருக்குள்ள நியூசிலாந்து. அடுத்த வருஷம் ஆஸ்திரேலியா வடக்கு முனையில டோரஸ் ஜலசந்தி, டார்வின், கோகோஸ் தீவு, மொரிஷியஸ், நவம்பர்ல டர்பன், கிறிஸ்துமஸுக்கு கேப் டவுன். மூணாவது வருஷம் ஜனவரில செயின்ட் ஹெலினா வழியா மறுபடி கரீபியன், மே மாசம் அசோர்ஸ், ஜூலைல வீடு. பழைய மாலுமிங்க சொல்லுவாங்களாம், வெண்ணெய் உருகுற வரைக்கும் தெக்க போ, அப்புறம் மேக்க திரும்புன்னு. 1492ல கொலம்பஸ் கூட கனேரில இருந்து தான் மேக்க போனாரு. அவரை மேக்க தள்ளின அந்த டிரேட் காத்து, அதாவது கிழக்குப் பக்கத்துல இருந்து நிலையா அடிக்கற காத்து, இன்னிக்கும் அங்கயே தான் அடிக்குது.

இப்ப கணக்கைப் பாருங்க. பொண்ணு ஆறாவது முடிக்கறது ஜூலைல. இங்க பத்தாம் வகுப்புல ஜிசிஎஸ்இங்கற பொதுத்தேர்வுக்கான பாடம் ஆரம்பிச்சுரும், அதுக்குள்ள திரும்பி வந்தே ஆகணும். ஏழு, எட்டு, ஒம்போது, இந்த மூணு வருஷம் தான் கையில இருக்கு, காத்து கேக்கறதும் சரியா மூணு வருஷம். வழியில எங்கயாவது ஒரு சீசனைத் தவற விட்டா ஆறு மாசம் இல்ல, ஒரு முழு வருஷம் போயிரும், ஏன்னா அடுத்த சீசன் வர்ற வரைக்கும் துறைமுகத்துல உக்காந்திருக்க வேண்டியது தான். "அடுத்த வருஷம் போலாமே, இன்னும் கொஞ்சம் காசு சேரும்"னு வீட்டுக்காரர் சொன்னப்ப நான் இந்த சார்ட்டைத் தான் காட்டினேன், அதுக்கப்புறம் அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்ல.

ஸ்கூல்ல பெரிய சண்டை இருக்கும்னு நெனச்சோம், அங்க ஒண்ணுமே இல்ல. இங்கிலாந்துல வீட்டுல வச்சுப் படிக்க வைக்கறது சட்டப்படி சரி தான், சாதாரண ஸ்கூல்னா யாருகிட்டயும் அனுமதி கேக்க வேண்டியதில்ல, தலைமை ஆசிரியருக்கு ஒரு லெட்டர் குடுத்தா போதும். ஆனா திரும்பி வரும்போது அதே ஸ்கூல்ல சீட் இருக்கும்னு உத்தரவாதம் கிடையாது. வீட்டை வாடகைக்கு விடறதுக்கு, வீட்டுக்கடன் குடுத்தவங்ககிட்ட எழுத்துல சம்மதம் வாங்கணும், அதுல தான் நாள் இழுத்துச்சு.

அடுத்து 90 நாள் தலைவலி. பிரிட்டன் ஐரோப்பிய யூனியனை விட்டு வெளிய வந்த பிரெக்ஸிட்டுக்கு முன்னாடின்னா பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுக்கு ஐரோப்பா சொந்த வீடு மாதிரி. இப்ப ஷெங்கன் நாடுகள்ல, அதாவது தங்களுக்குள்ள எல்லைச் சோதனை இல்லாம ஒண்ணா இருக்கற ஐரோப்பிய நாடுகள்ல, 180 நாளுக்கு 90 நாள் தான். ஸ்பெயின், போர்ச்சுகல், மடீரா, கனேரி எல்லாம் ஷெங்கன். செப்டம்பர் 1ல உள்ள போனா நவம்பர் 29ல வெளிய வந்துரணும், ஆனா அட்லாண்டிக்ல டிரேட் காத்து நல்லா நிலைச்சு அடிக்கறது டிசம்பர்ல தான். அந்த இடைவெளில எங்க போய் நிக்கறது? இதுக்கு எங்க கிளப்புல ஒரு பெரியவர் வழி சொன்னாரு. கனேரில காத்திருக்காதீங்க, நவம்பர் நடுவுலயே ஆப்பிரிக்கா பக்கத்துல இருக்கற கேப் வெர்டே தீவு நாட்டுக்கு இறங்கிருங்க, அது ஷெங்கன் இல்ல, அங்க மிண்டேலோ துறைமுகத்துல நங்கூரம் போட்டு நல்ல காத்துக்கு நில்லுங்க, அங்கிருந்து கரீபியன் தூரமும் கம்மின்னு. கனேரில இருந்து நேரா கரீபியன்ல இருக்கற செயின்ட் லூசியா போனா சுமார் 2,700 நாட்டிகல் மைல். மிண்டேலோல இருந்துன்னா கடைசி தாவல் 2,100 சொச்சம் தான். பசங்களுக்கும் நடுவுல கால் தரையில படும். எங்க ப்ளான்லயே எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இது.

சரி, படகு. 43 அடி, ஒத்தை ஹல், அதாவது படகோட உடம்பு ஒண்ணே ஒண்ணு, இருபது வருஷம் பழசு. ரெண்டு ஹல் சேத்துக் கட்டின கேட்டமரான் தான் குடும்பத்துக்கு நல்லதுன்னு நிறைய பேர் சொன்னாங்க, சாயாது, இடம் ஜாஸ்தி, எல்லாம் சரி தான், ஆனா அந்த விலைக்கு எங்ககிட்ட காசு இல்ல. படகோட நிலைமையைச் சோதிச்சு ரிப்போர்ட் குடுக்கற சர்வேயர் ஒருத்தரை வச்சு படகைத் தண்ணியில இருந்து தூக்கிப் பாத்தோம். அவர் சின்ன சுத்தியலை வச்சுக்கிட்டு ஹல் முழுக்க டொக்கு டொக்குன்னு தட்டிக்கிட்டே நடந்தாரு, சத்தம் மாறுற சந்தேகமான இடத்துல சாக்பீஸால ஒரு வட்டம், அப்புறம் ஈரம் பாக்குற மீட்டர். பையன் பின்னாடியே போய் வட்டத்தை எண்ணிக்கிட்டு இருந்தான். நல்ல வேளை, கைவிரலுக்குள்ள அடங்கிருச்சு.

சர்வே ரிப்போர்ட் கையில வந்ததும் இன்ஷூரன்ஸ்காரங்க கதவைத் தட்டினோம். அங்க தான் நெசமான பரீட்சை. என்கிட்ட படகு ஓட்டறதுக்கான யாட்மாஸ்டர் ஆஃப்ஷோர் சர்டிஃபிகேட் இருக்கு, அந்தப் பரீட்சைக்கு உக்காரவே 50 நாள் கடல்ல இருந்திருக்கணும், 2,500 மைல் ஓட்டியிருக்கணும். பெரிய ஆளுன்னு நெனச்சுக்கிட்டு போனா, "பெருங்கடல் எப்பவாவது தாண்டியிருக்கீங்களா?"ன்னு கேட்டாங்க. தாண்டறதுக்குத் தானே இன்ஷூரன்ஸ் கேக்குறோம்! ஒரு கம்பெனி பதிலே போடல. ஒண்ணு முடியாதுன்னுருச்சு. கடைசியா ஒத்துக்கிட்டவங்க மூணு கண்டிஷன் போட்டாங்க. மாஸ்ட்டை, அதாவது பாய் கட்டற கம்பத்தை, நிறுத்திப் பிடிச்சிருக்கற ஸ்டீல் வயர், அதான் ரிக்கிங், பத்து வருஷத்துக்கு மேல பழசு, மொத்தமா மாத்தணும். ஹரிக்கேன் சீசன்ல படகு அந்தப் பகுதியிலயே இருக்கக் கூடாது. பெருங்கடல் தாண்டும்போது படகுல குறைஞ்சது மூணு பெரியவங்க இருக்கணும்.

ரெண்டாவது கண்டிஷன் எங்க சார்ட்லயே இருக்கு. மொதல் கண்டிஷன் பர்ஸைக் காலி பண்ணிருச்சு, ஆனா நியாயமான கண்டிஷன், நடுக்கடல்ல ஒரு வயர் அறுந்தா மாஸ்ட்டே சாஞ்சிரும். மூணாவதுக்கு என் தம்பியைப் பிடிச்சோம். ஐடி வேலைல இருக்கான், தண்ணின்னா அவனுக்கு ஸ்விம்மிங் பூல் தான் தெரியும். அவனைப் படகு ஓட்டக் கத்துக் குடுக்கற டே ஸ்கிப்பர் கோர்ஸுக்கு அனுப்பி, சீ சர்வைவல் கோர்ஸுக்கும் அனுப்பினேன். அதுல லைஃப் ஜாக்கெட்டோட குளத்துல குதிக்க வச்சு, கவுந்து கிடக்கற லைஃப் ராஃப்ட்டை நிமித்த வைப்பாங்க. "அக்கா, கல்யாணத்துக்கு மொய் வச்சது போதாதா?"ன்னு ஈரத்தோட போன் பண்ணான்.

பேப்பர் வேலைகளை வேகமா சொல்லிடறேன். படகை பிரிட்டிஷ் கப்பல் பதிவேட்டுல பதிவு பண்ணணும், அதுல சின்னப் படகுகளுக்கான மூணாம் பாகப் பதிவு சீப்பு, ஆனா சொந்தக்காரர் யாருங்கறதுக்கு ஆதாரமா நிக்கறது முதல் பாகம் தான், நாங்க அதையே எடுத்தோம். படகு ரேடியோ லைசென்ஸ், அதைக் குடுக்கற அரசு அமைப்பான ஆஃப்காம்ல ஆன்லைன்லயே இலவசம். ஆபத்துல சாட்டிலைட்டுக்கு சிக்னல் அனுப்பற ஈபிஆர்பி கருவியை உங்க பேர்ல பதிவு பண்ணுங்க, மறக்காதீங்க. அப்புறம் அமெரிக்க விசா. வர்ஜின் தீவு, போர்ட்டோ ரிக்கோ பக்கம் ஒதுங்கற எண்ணம் இருந்தா இதைக் கவனிங்க: பிளேன்ல போற பிரிட்டிஷ்காரங்களுக்கு விசாவுக்குப் பதிலா ஆன்லைன்ல வாங்கற எஸ்டா அனுமதி போதும், சொந்தப் படகுல போய் இறங்கினா அது செல்லாது, பாஸ்போர்ட்ல முறையான விசா வேணும். மார்க்கேசஸ், டஹிடி எல்லாம் இருக்கற ஃபிரெஞ்சு பாலினேசியால பிரிட்டிஷ்காரங்களுக்கு 90 நாள், அதுக்கு மேல தங்கணும்னா கிளம்பறதுக்கு முன்னாடியே நீண்ட கால விசா எடுக்கணும். பசிபிக்ல ராட்சச ஆமைக்குப் பேர் போன கலாபகோஸ் தீவுல படகோட அடிப்பக்கத்தை ஆள் முங்கிப் பாப்பாங்க, பாசியோ சிப்பியோ ஒட்டியிருந்தா தூரக் கடலுக்குப் போய் சுரண்டிட்டு வான்னு திருப்பி அனுப்பிருவாங்க, நாங்க அந்தத் தீவையே லிஸ்ட்ல இருந்து எடுத்துட்டோம். பையனுக்கு அதுல இன்னும் கோவம், ஆமையைப் பாக்கணுமாம்.

அவனை சமாதானப்படுத்தினது ஓர்கா, கில்லர் வேல்னு சொல்லுவாங்களே, அது. 2020ல இருந்து ஸ்பெயின், போர்ச்சுகல் கரையோரம் ஒரு சின்ன ஓர்காக் கூட்டம் பாய்மரப் படகுகளோட சுக்கானை முட்டி உடைக்குது, சில படகு மூழ்கியும் போயிருக்கு. ஏன்னு யாருக்கும் தெளிவாத் தெரியல, விளையாட்டுங்கறாங்க. கரையை ஒட்டி ஆழம் கம்மியான தண்ணியில போங்கன்னு அறிவுரை. எங்க வீட்டுல எனக்குத் தூக்கம் வராத ஒரே விஷயம் இது, பையனுக்குத் திருவிழா.

இனி திருச்சில இருக்கற அத்தை, அதாவது மாமியார். விஷயத்தைச் சொன்னதும் போன்ல சத்தமே இல்ல. அப்புறம், "ஏம்மா, பொட்டப்புள்ளைய வச்சுக்கிட்டு..."ன்னாங்க. புதுச்சேரியைச் சேர்ந்த ரூபாங்கற கடற்படை அதிகாரியும் தில்னாங்கற இன்னொரு அதிகாரியும் தாரிணிங்கற பாய்மரப் படகுல ரெண்டே பேரா உலகத்தைச் சுத்திட்டு 2025 மே மாசம் கோவா வந்து சேர்ந்த செய்தியை அனுப்பி வச்சேன். "அவங்க நேவிம்மா"ன்னு ஒரே வரியில முடிச்சிட்டாங்க.

அப்புறம் வீட்டுக்காரர் வேற வழியில போனாரு. நாங்க நிக்கப் போற ஊரையெல்லாம் சொல்லிக்கிட்டே வந்தாரு. ஃபிஜில நாடின்னு ஒரு ஊரு, அங்க நம்ம ஊர் கோபுரத்தோட பெரிய சிவசுப்பிரமணியர் கோயில். மொரிஷியஸ்ல ரூபா நோட்டுலயே தமிழ் எழுத்து. டர்பனுக்கு 1860ல மெட்ராஸ்ல இருந்து ட்ரூரோங்கற கப்பல் போயிருக்கு, கரும்புத் தோட்டத்துக்கு ஆள் ஏத்திக்கிட்டு. எனக்கே அப்ப தான் உறைச்சுது, டிரேட் காத்து அடிக்கற சூடான தீவுகள்ல தான் வெள்ளைக்காரன் கரும்பு போட்டான், கரும்பு போட்ட இடத்துக்கெல்லாம் நம்ம சனத்தைக் கொண்டு போனான், அதனால தான் எங்க வழியில இத்தனை முருகன் கோயில். அத்தை கொஞ்ச நேரம் யோசிச்சு, "அப்ப ராமேஸ்வரம் வழியா வர மாட்டீங்களா?"ன்னாங்க. எங்க படகோட கீல், அதாவது அடியில இருக்கற கனமான துடுப்பு மாதிரியான பகுதி, தண்ணிக்குள்ள ரெண்டு மீட்டர் போகும், சேது பக்கம் தண்ணியே பல இடத்துல முழங்கால் அளவு, அது மட்டுமில்லாம இந்தியாப் பக்கம் வந்தா திரும்பறதுக்கு செங்கடல் தான் குறுக்கு வழி, 2023 கடைசியில இருந்து அங்க கப்பல் மேல நடந்த தாக்குதலுக்கு அப்புறம் எந்த இன்ஷூரன்ஸும் எங்களுக்கு ஒத்து வராதுன்னு விளக்கினேன். இப்ப அத்தை நாடிக்கு பிளேன் டிக்கெட் விலை விசாரிச்சுக்கிட்டு இருக்காங்க.

சமையல் பத்தி வீட்டுக்காரர் தனியா எழுதுவார், நான் ரெண்டு விஷயம் மட்டும் சொல்றேன். அட்டைப்பெட்டியைப் படகுக்குள்ளயே ஏத்தாதீங்க, கரப்பான் முட்டை அதுல தான் வரும், அரிசி பருப்பெல்லாம் கரையிலயே டப்பாவுக்கு மாத்திருங்க. ஆஸ்திரேலியா, நியூசிலாந்துல காய், பழம், தேன், விதை எல்லாத்தையும் சோதிப்பாங்க, கறிவேப்பிலைச் செடியோட போய் இறங்கலாம்னு கனவுல கூட நெனக்காதீங்க. கேஸ் சிலிண்டர் வாய் நாட்டுக்கு நாடு மாறும், அடாப்டர் வேணும். கிரைண்டர் 150 வாட் தான், சோலார் தாங்கும்னு கணக்குப் போட்டு அனுமதி குடுத்திருக்கேன், மாவாட்டறது காத்து கம்மியா இருக்கற நாள்ல மட்டும்.

இப்போதைக்கு ரிக்கிங் மாத்தியாச்சு, தம்பி மிண்டேலோவுக்கு லீவு வாங்கிட்டான், பனாமாவுல இருந்து மார்க்கேசஸ் வரைக்கும் வர அவனோட ஃப்ரெண்டு ஒருத்தன் தயாரா இருக்கான். பாக்கி இருக்கறது பனாமா கால்வாய் தான். அங்க லாக்ல, அதாவது கதவை மூடித் தண்ணியை நிரப்பற தொட்டிகள்ல, படகை 26 மீட்டர் உயரத்துக்குத் தூக்கும்போது நாலு மூலையிலயும் கயிறு பிடிக்க நாலு பேரு வேணும், ஓட்டறவங்க தனி, கால்வாய்க்காரங்க அனுப்பற ஆலோசகர் தனி, சின்னப் பசங்க கணக்குல வராது. நான் ஓட்டணும். வீட்டுக்காரர், தம்பி ஃப்ரெண்டு, இன்னும் ரெண்டு பேர் குறையுது. காசு குடுத்தா அங்கயே ஆள் கிடைப்பாங்க, ஆனா சொந்தக்காரங்களுக்கு பிப்ரவரி கடைசியில லீவு கிடைச்சா நல்லா இருக்கும், சாப்பாடு எங்க பொறுப்பு, ஆலோசகருக்கும் சூடா சோறு போடணும், அது அங்க எழுதி வச்ச வழக்கம்.