டிஸ்டர்ப் பண்றேனா?

"ஆம் ஐ டிஸ்டர்பிங்?" காலையிலேயே ஒரு வாட்ஸ்அப் செய்தி.

இந்த வினைக்குச் செயப்படுபொருள் வேணும். "டிஸ்டர்பிங் யூ" என்று முடிக்கணும். 'யூ' விழுந்தால் டிஸ்டர்பிங் பெயரடை ஆகிவிடும்: "நான் மனசைக் கலங்கடிக்கிற ஆளா?" என்று கேட்ட கதைதான்!

"ஐ ஆம் டிஸ்டர்ப்ட்" இன்னும் வில்லங்கம். கூடவே "பை திஸ் நியூஸ்" மாதிரி ஒரு காரணத்தைச் சேர்த்துவிடுங்கள். தனியாக விட்டால், மனநிலை சரியில்லாதவர் என்றும் பொருள்படும்.

தடயம் கிடக்கும் இடத்தில், அகழாய்வுக் குழியில் "டோன்ட் டிஸ்டர்ப் எனிதிங்" என்றால் எதையும் இருந்த இடத்திலிருந்து அசைக்காதே என்று அர்த்தம். சத்தத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை.

சின்னத் தொந்தரவுக்கு "சாரி டு பாதர் யூ" போதும்.